சகுந்தலாவுக்காகச் சுற்றிய ஸ்பிரிங்

இரும்புக்கம்பியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. இதை அடக்கமாகத்தான் சொல்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் விடவில்லை, அதுதான் விட்டது). அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கம்பியிடம்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பட்டறையில் சுற்றிய ஸ்பிரிங் இன்று எந்தெந்த மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே முழுசாகத் தெரியாது. கம்பியைக் கையில் வாங்கி ஒரு வளை வளைத்தால் போதும். எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது துவளும் என்று சொல்லிவிடுவேன். இஞ்சினியர் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவேன். இப்பேர்ப்பட்ட ஒருவனை அவன் சுற்றிய ஸ்பிரிங்கே சந்தி சிரிக்க வைத்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குத்தம்பாக்கத்தில் என் சகலை வீட்டில் கேட்டுப் பாருங்கள். விசாரிக்காமலே சொல்வார்கள்.

என் மனைவி சகுந்தலாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நன்றாகத்தான் தேறினாள். ஆனால் டாக்டர் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதோடு இருசக்கர வண்டிக்கும் அவளுக்கும் உள்ள உறவு முடிந்தது. எங்களிடம் கார் இருக்கிறது, இல்லாமலில்லை. ஆனால் காரில் அவள் என் பக்கத்தில் உட்காருகிறாள். வண்டியில் என் பின்னால் உட்காருவாள். கல்யாணமான புதிதில் சைக்கிளில் தொடங்கியது அது. தோளில் ஒரு கை இருக்கும். பேச்சு காதுக்குள் விழும். அதெல்லாம் காரில் வராது.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"உன் பின்னாடி குந்திகினு போறதெல்லாம் அவ்ளோதான், இல்ல?"

வருத்தமாகக்கூடக் கேட்கவில்லை. மழை நின்றுவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனேன். "குலுங்காம கூட்டிட்டுப் போக முடியும்னா கிட்டத்துல போய்ட்டு வாங்க. ஆனா இந்த ரோட்டுல அது யாரால முடியும்?" என்று சிரித்தார். ஸ்பிரிங் சுற்றுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது?

பூந்தமல்லியில் பாஷா பாய் என்று என் சிநேகிதர் இருக்கிறார். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப்போட்டு, வேறு உருவம் கொடுத்து ஓடவைப்பதுதான் அவர் தொழில். வாயும் அதே அளவுக்கு ஓடும். அவரிடம் ஒரு பழைய புல்லட்டின் எலும்புக்கூடு கிடந்தது. அதை வாங்கி, சகுந்தலாவுக்கென்றே ஒரு வண்டி கட்டுவது என்று முடிவு செய்தேன்.

"டேங்கு சொல்லு, கண்ணாடி மாதிரி பண்றேன். சீட்டு சொல்லு, சோபா மாதிரி பண்றேன்" என்றார் பாய். "பின்னாடி ஷாக் அப்சார்பர்ல மட்டும் கைய வெக்காத நைனா. அது அளவா கீது."

"யாருக்கு அளவு? எவனோ பட்டாளத்துக்காரனுக்கு அளவா வெச்சிருப்பான். என் பொண்டாட்டி முதுகுக்கு அளவு எடுத்தானா?"

"இன்னா, அண்ணிக்கு ஜாக்கெட்டா தெக்கிற?"

"ஆமா. அப்டித்தான்னு வெச்சிக்க."

பாய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தைக் கவட்டை மாதிரி ஓர் இரும்பு பிடித்திருக்கும். அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் நிற்கும். நான் மெல்லிய கம்பி எடுத்து, சுற்றுகளைக் கூட்டி, என் கையாலேயே புது ஸ்பிரிங் சுற்றினேன் (பட்டறையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இதை யாரையும் தொடவிடவில்லை). நேராக நின்றிருந்ததை முன்பக்கமாகச் சாய்த்து மாட்டினோம். சாய்த்தால் இன்னும் மெத்தென்று வரும். அவள் காலைத் தூக்கி ஏறச் சிரமப்படக் கூடாது என்று பின்பக்கத்தைத் தாழ்த்தினோம். முடித்துவிட்டுப் பார்த்தால், வண்டி பூனை பதுங்குவது போல நின்றது. கையால் சீட்டை அழுத்தினால் மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய்க்கும்தான். (அவர் வெல்டிங் புகை என்கிறார்.)

பரீட்சை வைக்காமல் விடுகிறவனா நான்? பாயைப் பின்னால் ஏற்றி, கையில் தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்தேன். பூந்தமல்லியை ஒரு சுற்று சுற்றினோம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"மாமே, கப்பல் மாதிரி கீதுபா!" என்றார் பாய், டீயை உறிஞ்சிக்கொண்டே. பாய் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். எல்லா ஆண்களையும் போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டையும் கவனிக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் அனுபவத்துக்கும் தோன்றவில்லை.

சகுந்தலாவின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. குத்தம்பாக்கத்தில் புது வீடு. சகலை தேவராஜ் போன் செய்து, "அண்ணிக்கு முதுகு வலி. நான் கார் அனுப்புறேன்" என்றார். அவர் எதைச் சொன்னாலும் அதில் அவர் காரும் வரும். "அண்ணி என் வண்டியிலதான் வருவா. எல்லாரையும் வாசல்ல நின்னு பாக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

அன்று காலை பட்டுப்புடவையில் வந்து நின்றாள். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு கேட்டாள்.

"எல்லாம் ஜோராத்தான் கீது. ஒரு பக்கமா குந்துனா காலை எங்க வெக்கிறது?"

மாதக்கணக்கில் ஒரு பெண்ணுக்காக வண்டி கட்டிய நாங்கள், புடவை கட்டினவள் பக்கவாட்டில் உட்காருவாள் என்பதையே மறந்திருந்தோம். பழைய சாமான்களில் தேடி, பெண்கள் கால் வைக்கிற தகடு ஒன்றை எடுத்து, இடது பக்கம் ஸ்பிரிங் போல்ட்டிலேயே முடுக்கினேன். அது கொஞ்சம் தாழ்வாகத் தொங்கியது. நேரமாகிவிட்டது, கிளம்பினோம்.

திருவேற்காடு தாண்டும் வரை உலகத்தில் எனக்கு நிகர் யாருமில்லை. தோளில் அவள் கை. என் போன்கூட அவள் பையில்தான் இருந்தது (பட்டுச்சட்டைப் பையில் போன் தொங்கினால் அழகு கெட்டுவிடும்). "நல்லா இருக்குதுய்யா" என்றாள் காதுக்குள். "முதுகு கீதா இல்லையான்னே தெரியல."

அந்த ஒரு வார்த்தை போதாதா? நான் பேச ஆரம்பித்தேன். கம்பியின் கனம், சுற்றுகளின் கணக்கு, புல்லட்டைச் செய்த வெள்ளைக்காரன் விட்ட தப்பு என்று ஒன்றையும் விடவில்லை.

பூந்தமல்லியில் ஒரு வேகத்தடை வந்தது. 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். வண்டி அதன் மேல் தரைதட்டிய படகு மாதிரி உட்கார்ந்துவிட்டது. நான் திரும்பவில்லை. 'ஏறு கண்ணு' என்று ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளித் தாண்டியது. அதன் பிறகு பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம்! பஞ்சு மாதிரி, காற்று மாதிரி.

"பாத்தியா? ஸ்பிரிங் இப்பதான் பழகி வருது!" என்று கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெருமையில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். திருமழிசை வரை பேசினேன். ஒரு இடத்தில் "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டு, அவள் மறுக்காததால் மேலே போனேன்.

அங்கே சிக்னலில் நின்றபோது ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாத்தே, யாராண்ட பேசிகினு வர?"

திரும்பினேன். சோபா மாதிரி சீட்டு பளபளவென்று காலியாக இருந்தது.

இதுவரைக்கும் சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது காது அடைத்துக்கொண்டது. எங்கே விழுந்தாள்? எப்போது? ஆபரேஷன் செய்த முதுகு. பின்னால் லாரி வந்ததா? கேட்க என்னிடம் போனும் இல்லை. வண்டியைத் திருப்பி, ரோட்டின் இரண்டு ஓரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தேன். வழியில் எந்தச் சாமியையும் நான் விட்டுவைக்கவில்லை.

அந்த வேகத்தடைக்குப் பக்கத்தில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்.

"பச்ச பட்டுப்பொடவ அம்மாவா?" என்றார். "கொஞ்ச நேரம் இடுப்புல கைய வெச்சிகினு நின்னாங்க. அப்பால ஷேர் ஆட்டோ ஏறிப் போய்ட்டாங்க."

இடுப்பில் கை! முதுகு போய்விட்டது என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. கடைசியில் அவள் தங்கையிடம் சொல்லிவிட்டு அழலாம் என்று குத்தம்பாக்கத்துக்கு வண்டியை விட்டேன்.

நான் சொன்னபடியே எல்லாரும் வாசலில்தான் நின்றார்கள். நடுவில் நாற்காலியில் சகுந்தலா காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சகலை" என்றார் தேவராஜ். "வண்டி பிரமாதம். அண்ணி இல்லாம வந்தா இன்னும் பிரமாதமாமே?"

எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. நேராகப் போய் அவள் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"முதுகு?"

"முதுகுக்கு இன்னா? அந்தத் தகடு ரோட்டுல மாட்டிச்சி. வண்டி அப்டியே எறங்கிச்சி. பாத்தா என் கால் தரையில கீது. செரி, எறங்கித் தள்ளலாம்னு எந்திரிச்சேன். நீ பாட்டுக்குப் போய்ட்ட."

"கூப்டக் கூடாதா?"

"கூப்ட்டேன்யா! நீ பேசிகினே போன."

"இடுப்புல கை வெச்சிகினு நின்னியாமே?"

"கோவத்துல நின்னேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்து ஓய எவ்வளவு நேரமானது என்று நான் பார்க்கவில்லை. அவள் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மீதிக் காபியை என் கையில் கொடுத்தாள். வாங்கியதில் பாதியைப் பட்டுச்சட்டையில் கொட்டிக்கொண்டேன். திரும்பும்போது தேவராஜ் காரில்தான் போனாள். நான் பின்னாலேயே போனேன், பேசுவதற்கு ஆளில்லாமல்.

பிறகு பாயும் நானும் ஸ்பிரிங்கை நிமிர்த்தினோம். கம்பியின் கனத்தைக் கூட்டினோம். கால்தகட்டைச் சட்டத்தோடு உயரமாக வைத்துப் பற்றவைத்தோம். இந்தத் தடவை பாய் தன் மனைவியையே அழைத்துவந்து, பக்கவாட்டில் உட்காரவைத்துப் பரீட்சை பார்த்தார் (அந்த அம்மா கையில் டீ சிந்தவில்லை, இறங்கியதும் அதை வாங்கிச் சிந்தியது பாய்தான்). ஆனால் சகுந்தலா மறுபடி ஏற ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் அவள் "கீறேன்" என்பாள், பின்னால் இருக்கிறேன் என்று அர்த்தம். சத்தம் வராவிட்டால் நான் நிறுத்த வேண்டும்.

இப்போது அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. பேரப்பிள்ளைகள் ஸ்கூல் வேனில் வேகத்தடைக்கு வேகத்தடை கோரஸாகக் "கீறேன்" போடுகிறார்கள் என்று டிரைவர் புகார் சொல்கிறார். மகன் பேசும்போது போன் துண்டித்துத் திரும்ப வந்தால் முதல் வார்த்தை அதுதான். தேவராஜ் கல்யாண வீடுகளில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி அதையே சொல்கிறார்.

போன மாதம் முதுகுக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வழக்கமாக எடுப்பதுதான் என்றார்கள். அவளைப் படுக்கவைத்து அந்தப் பெரிய குழாய்க்குள் தள்ளினார்கள். நான் வெளியே நின்றேன். கனமான கதவு மெதுவாக மூடிக்கொண்டே வந்தது. மூடுவதற்குச் சற்று முன்னால் உள்ளிருந்து ஒரு குரல்.

"கீறேன்!"

கதவருகே நின்ற நர்ஸ் பெண் பதறிப்போய், "இன்னா சார் சொல்றாங்க? எதுனா வேணுமா அவங்களுக்கு?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்மா. இருக்காங்களாம்" என்றேன்.