கற்கும் வேகம் பூஜ்யம்

"உங்க கற்கும் வேகம் பூஜ்யம்னு வருது," என்றாள் மனைவி, மடிக்கணினியிலிருந்து தலையை எடுக்காமல்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நீ சொல்றதுதானே," என்றார் கணவர்.

பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு உளவியல் ஆராய்ச்சியில் சேர்ந்தவள் அவள். மனிதர் கற்கும் விதத்தைக் கணினியில் கணக்காக எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் கணக்கு உருப்படியாக ஓடாவிட்டால் ஆய்வகத்தில் இடமில்லை என்று பேராசிரியை சொல்லிவிட்டார். சோதனைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டிலேயே இருந்தார்.

திரையில் சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி. அழுத்தினால் கீழே மதிப்பெண் வரும். ஒன்றில் அடிக்கடி, மற்றதில் எப்போதாவது. நல்ல பெட்டியை ஆள் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார் என்பதுதான் கேள்வி. இவர் மனம்போனபடி அழுத்தியிருந்தார்.

மறதியையும் கணக்கில் சேர்த்தாள். மறதி மலையாக வந்தது.

"கல்யாண நாளை மறந்தது ஒரே தடவை. அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியா?"

பிடிவாதத்தைச் சேர்த்தாள். அது கூரையைத் தொட்டது. அன்று மதியம் அவர் பேசாமல் சாப்பிட்டார், பிடிவாதம் நிரூபணமானது.

கண்ணைக் கசக்கிக்கொண்டே பேராசிரியைக்குப் போன் செய்தாள்.

"கணக்குல கோளாறு இல்லம்மா. ஆளு கவனிக்காம அழுத்தறாரு. எதிர்ல உக்காந்து பாத்துக்கோங்க."

அவர் திரையில் வரும் மதிப்பெண் தன் மடிக்கணினியிலும் தெரியும்படி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறை அழுத்தியதும் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படிப் பார்க்கிறாரே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

"இவ்வளவு வேகமா கத்துக்கற ஆளை நான் பார்த்ததே இல்ல. இடம் உங்களுக்குத்தான்," என்றார் பேராசிரியை. "அடுத்த மாசக் கருத்தரங்குல இதை வச்சே பேசிடுங்க."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது வாசல் மணி அடித்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கையில் சின்னப் பெட்டியோடு.

"சாரோட படிக்கிற கண்ணாடிம்மா. போன வாரம் சோபாவுல வச்சு, அதுமேலயே உக்காந்துட்டாராமே. நீங்க திட்டுவீங்கன்னு சொல்ல வேணாம்னாரு. நான் ஒரு உளறுவாயன்."

"போன வாரமா?" அவள் குரல் இறங்கியது. "அப்போ திரையில வந்த மதிப்பெண்?"

"பக்கத்துல இருக்கற எழுத்து ஒண்ணும் தெரியாதேம்மா அவருக்கு. போன்ல இந்தப் பெட்டி விளையாட்டைப் பத்திச் சொன்னப்போ நானும் அதைத்தான் கேட்டேன். 'அதனாலென்ன, சரியா அழுத்தினா எதிர்ல எம் பொண்டாட்டி முகம் மலருது, தப்பா அழுத்தினா சுளிக்குது, இது போதாதா'ன்னு சிரிக்கறாரு."