ஓடட்டும் அண்ணாச்சியின் ரெக்கார்டு பிளேயர்

எதையும் நிறுத்தத் தெரியாத மனிதர் என்று இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரிடம்தான் எனக்கு வேலை கிடைத்தது.

சிவகாசியில் எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் இருந்த தெருவில் அவருக்கு 'ஓடட்டும் அண்ணாச்சி' என்று பெயர். டீக்கடை வாசலில் பைக்கை ஆஃப் செய்யாமலே டீ குடிப்பார். "அண்ணாச்சி, வண்டி ஓடுது" என்று யாராவது சொன்னால், "ஓடட்டும்" என்பார். அவரும் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். போன் வந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். சென்னைக்காரர் ஒருவர் லோடு விவரம் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார். முதலாளி நாற்காலியில் என் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் மதுரையில் பழைய சாமான் கடையிலிருந்து ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு ரப்பர் சக்கரம். அது உரசித்தான் மேலே தட்டு சுற்றும். "ரப்பரை அழுத்தின வாக்கில் நிப்பாட்டிப் போட்டா பள்ளம் விழுந்துரும். பாட்டு டொக்கு டொக்குன்னு இடிக்கும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்திருக்கிறார். அதற்குள் அண்ணாச்சி தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தத் தட்டு நிற்கவே இல்லை. பாட்டுக்காகச் சுற்றினாலாவது சரி, அதை எப்போதாவது ஒன்றுதான் போடுவார். மற்றபடி மேலே இசைத்தட்டு எதுவும் இல்லாமல், முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தட்டு பகலெல்லாம் சுற்றும். ஆபீசைப் பூட்டிய பிறகும் சுற்றும். பில் போடும்போது அது என் கண்ணோரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதுகிற எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது.

நாரணாபுரத்து டிரைவர் ஒருவர் முதல்முறை பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"புது ஐட்டமா அண்ணாச்சி? தரைச்சக்கரம் இம்புட்டு நேரம் சுத்துது, புகையே காணோம்?"

"பாட்டுப் பெட்டிவே அது."

"அப்போ பாட்டு எங்க?"

"அது வரும்போது வரும். இது ஓடட்டும்."

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அதற்காக இன்வெர்ட்டர் வாங்கினார். ஆபீசுக்கு என்று நம்பி நான் சந்தோஷப்பட்டேன். கரண்டு போன அன்று கம்ப்யூட்டர் நின்றது, ஃபேன் நின்றது, நான் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு பிளேயர் மட்டும் ஜம்மென்று ஓடியது.

எந்த மெஷின் இதைத் தாங்கும்? சில மாதத்தில் தட்டு லேசாக ஆட ஆரம்பித்தது. அடியிலிருந்து கிர்ரென்று ஒரு சத்தம். பாட்டு போட்டால் பாடகி இழுத்து இழுத்து, கடைசியில் ஆம்பளைக் குரலில் முடித்தாள்.

"அண்ணாச்சி, தேய்ஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுவோமே."

"அந்தம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கு தாயி" என்றார். ஆனாலும் மனசு கேட்காமல், வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்து நடு அச்சில் ஊற்றினார். எறும்பு வந்தது. கிர்ர் போகவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் ஒரு மத்தியானம், தெருவில் கருகல் வாடை அடித்தது. வேறு ஊராக இருந்தால் யார் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் கேட்பதெல்லாம் கிடையாது, ஓட்டம்தான். டீ மாஸ்டர் பொங்குகிற பாலை விட்டுவிட்டு ஓடினார். எதிர் அச்சாபீஸில் லேபிள் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் ஓடினார்கள். பின்கட்டில் இருந்த நானும் பக்கத்துச் சந்து வழியாகப் பாய்ந்து தெருமுனைக்குப் போய்த்தான் நின்றேன்.

திரும்பிப் பார்த்தால், எங்கள் ஆபீஸ் ஜன்னலில்தான் புகை. அம்புட்டு சனமும் இந்தப் பக்கம் வர, அண்ணாச்சி மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடி ஆபீசுக்குள் நுழைகிறார். உள்ளே கூரை வரைக்கும் லாரியில் ஏற்ற வேண்டிய காலண்டர் கட்டு.

"பாட்டுப் பெட்டிக்காக உசிரை விடப் போறாரு!" என்று டீ மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கத்தினேன். வெகுநேரம் அவர் வரவில்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பிறகு வந்தார். இருமிக்கொண்டே, நெஞ்சோடு அணைத்த ரெக்கார்டு பிளேயர் புகைய, பிடுங்கிய ஒயர் பின்னால் இழுபட, தெரு நடுவில் கொண்டுவந்து அதைப் போட்டார். போட்டதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூட்டத்தில் என்னைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் கேட்டு ஸ்கூட்டரில் பறந்து வந்த அவர் மனைவி, எனக்கு மதினி, வண்டியை விட்டு இறங்காமலே பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தகரத்துக்காகவா உள்ள போனீக? கூறு இருக்கா உங்களுக்கு?"

"அதுக்கு யாரு போனா? வாசல்ல இந்தப் பிள்ளை செருப்பு கெடந்துச்சு. உள்ள மாட்டிக்கிட்டாளோன்னு பின்கட்டு வரைக்கும் தேடுனேன். ஆளைக் காணோம். வரும்போது காலண்டர்ல தீ பிடிச்சிரக் கூடாதேன்னு இதைப் பிடுங்கிக்கிட்டு வந்தேன்" என்றார்.

மதினி ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். நான் என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ மாஸ்டர்தான், "முதல்ல தண்ணி குடிங்க" என்று ஒரு சொம்பை நீட்டினார்.

சாத்தூர் மெக்கானிக் மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றி, ரப்பரையும் அச்சையும் மாற்றிக் கொடுத்தார். "கேட்டு முடிச்சதும் இந்தக் கம்பியை இப்படித் தள்ளுங்க. ரப்பர் விலகி நின்னுக்கிடும், பள்ளம் விழாது" என்று செய்தும் காட்டினார். மதுரைக் கடைக்காரர் சொல்ல வந்த மிச்சம் அதுதான். அண்ணாச்சி அசடு வழியக் கேட்டுக்கொண்டார்.

கேட்டுக்கொண்டாரே தவிர, கை வரவில்லை. சாயங்காலம் பூட்டுகிற நேரம், "நீயே நிப்பாட்டு தாயி" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நான் கம்பியைத் தள்ளுவேன். தட்டு மெல்ல மெல்லச் சுற்றி ஓயும்.

"ஆச்சா?"

"ஆச்சு அண்ணாச்சி."

அதற்குப் பிறகுதான் சாவியோடு உள்ளே வருவார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கும் அவர் பாட்டுக் கேட்க ஆபீசைத் திறப்பார் என்று தெரியும். சாயங்காலம் ஆனால் நான் கிளம்பிவிடுவேன். "லீவு நாள்ல எங்கடி போற?" என்று அம்மா கேட்டால், லோடு வந்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன்.