ஐந்து மீட்டர் உயரத்தில் பெண் கேட்டது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தவன் நான். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாழ்க்கையில் எது எதிரே வந்தாலும் அதைப் பாடத்திட்டமாகத்தான் பார்ப்போம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் துணி துவைக்கும் மெஷினின் கையேட்டை மூன்று நிற மையில் அடிக்கோடிட்டுப் படித்தேன். (வெள்ளைச் சட்டைகள் ஊதாவாகிப் போனது வேறு கதை. அந்தக் கையேட்டிலிருந்து யாராவது கேள்வி கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.)

ஆகவே, மான் வேட்டைக்கு எந்த வகைப் பரண் நல்லது என்று ஒருவர் என்னிடம் கேட்டது அவர் செய்த முதல் தவறு. பதில் சொன்னது நான் செய்தது.

கேட்டவர் நாதன் அங்கிள், தர்ஷியின் அப்பா. தர்ஷி டோர்ட்மண்டில் பிசியோதெரபிஸ்ட். நான் டுசல்டோர்ஃபில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதை அங்கிளிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அதையும் முடிவு செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு ரயிலேறிப் போவேன். ராணி ஆன்ட்டி, அதாவது தர்ஷியின் அம்மா, இடியப்பத்தை மலைபோல் குவிப்பார். நான் தொண்டையைக் கனைப்பேன். அங்கிள் உடனே, "வெளிய மழை வரும் போல கிடக்கு" என்பார். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வருவேன்.

அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடைகளெல்லாம் தயாராக இருந்தன. ஒன்றைத் தவிர. அப்பாவுக்கு என்ன தொழில்? தர்ஷியிடமே "தென்னந்தோப்பு" என்றுதான் சொல்லியிருந்தேன். (தென்னை உண்மை. தோப்பு உண்மை. தோப்பு யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.) பேராவூரணி பக்கத்தில் ஊரார் தோப்புகளில் கூலிக்கு மரம் ஏறித் தேங்காய் பறிப்பவர் என் அப்பா. ஜெர்மனியில் சொந்த வீடு, தோட்டம், வேட்டை உரிமம் எல்லாம் வைத்திருக்கும் மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் போட்டிருக்கவில்லை.

ஆமாம், வேட்டை உரிமம். வேலைசெய்த கிட்டங்கியில் கிடைத்த ஒரு ஜெர்மன் நண்பரோடு காட்டுக்குப் போய்ப் பழகி, மாதக் கணக்கில் படித்து, பரீட்சை எழுதி வாங்கியது. "டோர்ட்மண்டில இவர் ஒராள்தான் தமிழ் ஆக்களுக்குள்ள துவக்கோட திரியிறார்" என்று துப்பாக்கிப் பெட்டியைக் காட்டி ஆன்ட்டி சொல்வார். அது பெருமையா கவலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் மழையைப் பற்றிப் பேசவில்லை. "தம்பி, உம்மட்ட முக்கியமான ஒரு விஷயம் கேக்க வேணும்" என்றார். என் இதயம் இடியப்பத்தில் சிக்கிக்கொண்டது.

"சொல்லுங்க அங்கிள்."

"காட்டுக்குள்ள என்ர பழைய ஹோக்சிட்ஸ் உக்கிப் போச்சுது. மான் பாக்கிறதுக்கு மரத்தில ஏறி இருக்கிற பரண். புதுசு வைக்க வேணும். கனக்க வகை இருக்காம். நீர் இன்ஜினியர்தானே, எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுமன்."

சமையலறையில் தர்ஷி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அப்பா ஒருத்தரிட்டயும் யோசனை கேக்கிறேல்லை. இது பாதி ஓம் மாதிரி."

மீதிப் பாதிச் சம்மதத்துக்காக மூன்று வாரம் படித்தேன். சாய்த்து வைக்கும் ஏணிப்பரண், நாலு காலில் நிற்கும் பெட்டிப்பரண், இடுப்புயரத்துக்குச் சற்று மேலான குட்டைப்பரண், மரத்தோடு மரமாக நாமே ஏறிப்போகும் ஏறுபரண். நான்கையும் பட்டியல் போட்டேன். எடை, காற்றுத்திசை மாறினால் இடம் மாற்றும் வசதி, மானின் கண்ணுக்குத் தெரியாமை, மூக்குக்குத் தெரியாமை, துரு, சத்தம் என்று பதினான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஏறுபரண் மாவட்டத்திலேயே முதலிடம் பெறும் பிள்ளையைப் போல மற்ற மூன்றையும் தூக்கி அடித்தது.

அங்கிள் வீட்டு டிவியில் லேப்டாப்பைச் செருகி இருபத்து மூன்று படங்கள் காட்டினேன். "பாருங்க அங்கிள், இது ரெண்டு பாகம். மேல சீட், கீழ கால் வைக்கிற தட்டு. ரெண்டையும் பெல்ட் போட்டு மரத்தைச் சுத்திக் கட்டிடணும். சீட்டைக் கையால மேல தள்ளி உக்காருங்க. காலால தட்டைத் தூக்குங்க. எழுந்து நில்லுங்க. மறுபடி சீட்டைத் தள்ளுங்க. கம்பளிப்பூச்சி மாதிரி ஏறிடலாம்."

"உக்காந்து எழும்பி, உக்காந்து எழும்பி..." என்று அங்கிள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"வெறும் இருபது தடவைதான் அங்கிள்."

"ம். நல்லாத்தான் கிடக்கு" என்றார். வாசல் வரை வழியனுப்ப வந்த தர்ஷி கேட்டாள். "நீங்கள் கதைச்ச முழு நேரமும் அப்பா என்ன செய்துகொண்டு இருந்தவர்?"

"கவனிச்சிட்டு இருந்தார்."

"முழங்காலில ஐஸ் வைச்சுக்கொண்டு இருந்தவர். ஒவ்வொரு நாளும் நான்தான் அந்த முழங்காலுக்கு எக்சர்சைஸ் குடுக்கிறன். மாடிப்படியே ஏற ஏலாத மனுசனுக்கு நீங்கள் கம்பளிப்பூச்சி காட்டுறீங்கள்."

பதினான்கு தலைப்புகளில் முழங்கால் இல்லை. ஏறப்போவது யார் என்கிற தலைப்பே இல்லை. பாடப்புத்தகத்தை முழுதாக ஒப்பித்துவிட்டு, கேள்வித்தாளைப் படிக்காமல் வந்திருந்தேன்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டு, பெட்டிப்பரணுக்கு மாறியிருப்பான். நான் என் விடையைக் காப்பாற்ற நினைத்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் ஓர் ஏறுபரணை இரவல் வாங்கினேன். ஏறிக் காட்டினால் எவ்வளவு சுலபமென்று அங்கிளுக்கே புரிந்துவிடும். அப்பா நாளுக்கு நாற்பது மரம் ஏறுகிறவர். எனக்கு ஒரு மரம் வராதா?

ஜூன் மாதம், ஞாயிறு காலை ஐந்து மணி. சவர்லாந்துக் காடு வெளுத்துவிட்டிருந்தது. அங்கிள் தன் பழைய பரணின் அடியில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நூற்றைம்பது அடி தள்ளி ஒரு பீச் மரத்தைக் காட்டினார். பழத்துக்கான பீச் இல்லை, பிள்ளையார் தும்பிக்கை போல வழவழப்பான காட்டு மரம். (சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில்தான் ஏறுபரண் கடித்துப் பிடிக்கும் என்பது கையேட்டின் முதல் வரி. அதற்குப் பச்சை மையில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன்.)

"ஏழரை வரைக்கும் மூச்சுச் சத்தமும் கேக்கக் கூடாது. போனை நிப்பாட்டி வையும். ஒரு நல்ல ஆண் மான் இந்தப் பக்கம் வரும். ஒரு மாதமா அவனைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று கிசுகிசுத்துவிட்டு அங்கிள் போய் உட்கார்ந்தார்.

ஏறினேன். உண்மையாகவே ஏறினேன்! இருபத்தெட்டு தடவை உட்கார்ந்து எழுந்து ஐந்து மீட்டர் போய்விட்டேன். பாதுகாப்பு வாரை மரத்தோடு சேர்த்து மாட்டினேன். கம்பீரமாக உட்கார்ந்து, வெற்றிக் களிப்பில் காலை லேசாகத் தூக்கினேன். எடை குறைந்ததும் பனியில் நனைந்த பட்டையில் கீழ்த்தட்டு வழுக்கியது. என் இடது ஷூவையும் இழுத்துக்கொண்டு சரசரவென்று அடிமரம் வரை போய் நின்றது. பின்னாலேயே வலது ஷூவும் துணைக்குப் போனது.

சீட்டையும் தட்டையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு கொடுத்திருந்தார்கள். இப்படி நடந்தால் தட்டை மேலே இழுத்துக்கொள்வதற்காக. அந்தக் கயிற்றால் நான் என் நோட்டுப்புத்தகத்தை இடுப்பில் கட்டியிருந்தேன்.

மேலே நான். கால்களுக்குக் கீழே காற்று. மணி ஐந்து இருபது. வாயைத் திறந்தால் நூற்றைம்பது அடியில் அங்கிள். ஆனால் மூச்சுச் சத்தமும் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வருங்கால மாமனார் எனக்கிட்ட முதல் கட்டளை! அதை எப்படி மீறுவது? தொங்கினேன்.

ஆறு மணிக்கு இடது கால் மரத்துப்போனது. ஆறே காலுக்கு வலது காலுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆறரைக்கு ஒரு மரங்கொத்தி வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொத்துவதற்கு லாயக்கில்லை என்று பறந்துபோனது. இடது சாக்ஸில் ஓர் ஓட்டை. அதன் வழியே இரண்டாம் விரல் வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. என் குடும்பத்தில் எல்லோருக்கும் கட்டைவிரலைவிட அந்த விரல்தான் நீளம்.

ஏழு மணிக்கு மான் வந்தது. அவ்வளவு பெரிய காட்டில் வேறு இடமே கிடைக்காததுபோல் நேராக என் மரத்தடிக்கு வந்தது. என் ஷூவை முகர்ந்தது. மூச்சை அடக்கினேன். மான் நிமிர்ந்து என் விரலைப் பார்த்தது. விரலும் மானைப் பார்த்தது.

அப்போது நூற்றைம்பது அடியிலிருந்து குக்கர் விசில் போல ஒரு சத்தம். அங்கிள் சிரிக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்கமாட்டாமல், மடக்கு நாற்காலியோடு சேர்ந்து குலுங்கிச் சிரிக்கிறார். மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிவிட்டு நொண்டி நொண்டி வந்து நிமிர்ந்து பார்த்தார். "தூரக்கண்ணாடிக்குள்ள மானைப் பாக்கிறன், அதுக்கு மேல ரண்டு கால் தொங்குது! எப்ப இருந்து இப்பிடி?"

"அஞ்சு இருபதுல இருந்து அங்கிள்."

"ஏன் கூப்பிடேல்லை?"

"சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அங்கிள் வீட்டுக்குப் போன் போட்டார். தோட்டத்தில் செர்ரி பறிக்கிற ஏணியைக் காரில் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு மணி நேரமாவது ஆகும். பிறகு நாற்காலியை இழுத்து வந்து என் மரத்தடியில் போட்டு, முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப உம்மால எங்கையும் ஓட ஏலாது. கதைப்பம். ஏழு மாதமா நீர் தொண்டையைச் செருமுறீர், நான் மழையைப் பத்திக் கதைக்கிறன். என்ன விஷயம்?"

"தர்ஷியைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன் அங்கிள்."

"அது தெரியும். அப்பா என்ன செய்யிறார்?"

"தென்னை..." என்று ஆரம்பித்தேன். அந்த உயரத்தில், அந்தச் சாக்ஸோடு, மழுப்பிக் காப்பாற்ற மரியாதை என்று எதுவும் மிச்சமிருக்கவில்லை. "அடுத்தவங்க தோப்புல மரம் ஏறித் தேங்கா பறிக்கிறார். தோப்பு எங்களுது இல்ல. முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன தொழில் எண்டு சொன்னனீர்?"

"மரம் ஏறுறது."

இந்தத் தடவை குக்கர் வெடித்தே விட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அங்கிள் கையை நீட்டினார். "அவற்ற நம்பரைச் சொல்லும். நான் அந்த மனுசனோட கட்டாயம் கதைக்க வேணும்."

ஊரில் அப்போது பதினொரு மணியாகப் போகிறது. வீடியோ அழைப்பில் வந்த அப்பா இரண்டு மரங்களுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார். "வணக்கம் அண்ணை, ஜெர்மனியில இருந்து கதைக்கிறன், உங்கட மகன் என்னோடதான் நிக்கிறார்" என்ற அங்கிள், கொஞ்சம் யோசித்து, "நிக்கேல்லை, தொங்குறார்" என்று திருத்திக்கொண்டு போனை மேல்நோக்கித் திருப்பினார்.

அப்பா திரைக்குள் உற்றுப் பார்த்தார்.

"டேய் இளங்கோ! எங்கடா இருக்க?"

"மரத்துலப்பா."

"அடப்பாவி! நீ ஏறக் கூடாதுன்னுதானேடா இத்தனை வருசமா நான் ஏறுறேன்!"

அடுத்த நொடி அப்பாவுக்குத் தொழில் ரோஷம் பொங்கியது. "அதென்னடா சேரு? மரத்துல சேரு போட்டு உக்கார்றவன இப்பதான் பாக்குறேன். கைய கால ஆட்டாத. எறங்கவும் பாக்காத. உனக்கு அது வராது. ஐயா, ஏணி வர்ற வரைக்கும் அவனப் பாத்துக்குங்கய்யா."

பிறகு இரண்டு அப்பாக்களும் என்னை மறந்துவிட்டார்கள். பீச் மரத்துக்கும் தென்னைக்கும் வழுக்கலில் என்ன வித்தியாசம், முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் அங்கிள் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.

"அண்ணை, நான் வாய் திறக்காதேயும் எண்டு சொன்னதுக்காக உங்கட பெடியன் ரண்டு மணித்தியாலம் தொங்கிக்கொண்டு இருந்தவன். எங்கட வீட்டில நான் சொல்லுறதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு இவன் வேணும்."

ஏணி வந்தது. தர்ஷி அதை இறக்குவதற்கு முன் போனை எடுத்தாள். "முதல்ல போட்டோ." ஆன்ட்டி இறைச்சி ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "பாவம் பிள்ளை, பசிச்சிருக்கும்" என்று ஒன்றை மேலே எறிந்து பார்த்தார். விவரம் கேட்டதும் தர்ஷியின் முகம் ஒரு கணம் மாறியது. "உங்கட அப்பாவைப் போய் ஏன் என்னட்ட ஒளிச்சனீங்கள்?" என்றாள். ஏணியை மரத்தில் சாய்த்துவிட்டு அவளே சொன்னாள். "உங்களுக்குப் பதிலா அவர் வந்திருந்தால் ஏணியே தேவைப்பட்டிருக்காது."

தரையில் கால் பட்டதும் இரண்டு கால்களும் மடங்கி அங்கிளின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர் அதை ஆசீர்வாதம் கேட்பதாக எடுத்துக்கொண்டார். "போதும், எழும்பும். இனி என்னை அங்கிள் எண்டு கூப்பிடாதேயும். மாமா எண்டு கூப்பிடும்."

மாமா இப்போது கைப்பிடி வைத்த அகலப் படிக்கட்டோடு குட்டையான பெட்டிப்பரண் ஒன்றில் உட்கார்ந்து வேட்டைக்காகக் காத்திருக்கிறார். தேர்ந்தெடுத்தவள் தர்ஷி. அவள் எடுத்துக்கொண்ட நேரம் நான்கு நிமிடம்.

அவள் எடுத்த அந்தப் போட்டோவில் என் முகம் இல்லை. இலைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கால்கள், ஓர் ஓட்டைச் சாக்ஸ், ஒரு நீள விரல், அவ்வளவுதான். மாமாவின் வாட்ஸ்அப் படமாக இன்றைக்கும் இருப்பது அதுதான். கல்யாணமான வருடம் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தோம். ஆயிரக்கணக்கான கூட்டம். செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டு வேட்டியில் கைகூப்பி, பக்திப் பரவசமாக நின்றுகொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஓர் அக்கா அர்ச்சனைத் தட்டோடு போனவர், குனிந்து என் பாதத்தைக் கூர்ந்து பார்த்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ஓம், இதேதான்" என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். "இஞ்ச வாங்கோ, நாதன் அண்ணையின்ர மருமகன் இறங்கீட்டார்!"