பாத்ரூம் ஒண்ணு, பாத்ரூம் ரெண்டு

தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக டைம்கீப்பர் குளியலறை வாசலில் நின்றார். உள்ளே போக வழியில்லை. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு! தரை இல்லை. சுவரில் டைல்ஸ் இல்லை. நடுவில் ஒரு குழி, குழிக்குள் வாயைப் பிளந்துகொண்டு ஒரு குழாய். ஆணியில் மேஸ்திரியின் அழுக்குச் சட்டை தொங்கியது. சட்டை இருந்தது, மேஸ்திரிதான் இல்லை.

"அம்மா! அப்பா இன்னும் போகலையா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி எனக்கு ஏழேகால் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க!" என்று மகள் கூடத்திலிருந்து கத்தினாள்.

"அவரு ஏழு மணிக்கே போயிருக்கணும். அவரு டைம் போச்சு. நீ போ," என்றாள் மனைவி.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து முந்நூறு பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற மனிதர். ஊரே அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்டவர் குளிக்கப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நேரம் வாங்க வேண்டியிருந்தது. வயிறு எரியாதா?

இத்தனைக்கும் ஆரம்பித்தது ஒரு சொட்டுக் குழாயில்தான். "சொட்டு சொட்டுன்னு உயிரை வாங்குது, ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்க," என்று மனைவி சொன்னபோதே கூப்பிட்டிருக்கலாம். இதற்கெல்லாம் பிளம்பரா என்று ஸ்பானரை எடுத்து அவரே ஒரு திருகு திருகினார். குழாய் கையோடு வந்தது. குழாயோடு இரண்டு டைல்ஸும் வந்தன. பிறகு வந்த பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள பூரா துரு சார், சுவத்த உடைச்சாத்தான் வேலைக்கு ஆகும்," என்றார். டைல்ஸ் கடைக்குப் போனால், "இந்த மாடல் நின்னு பத்து வருஷம் ஆச்சே, மொத்தமா மாத்திடுங்க," என்றார் கடைக்காரர். கூடவே, "பாத்ரூம் வேலைன்னா இந்த ஊர்ல ஒரே ஒரு மேஸ்திரிதான் சார்," என்று ஒரு நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

டைம்கீப்பர் அன்றைக்கே ஒரு நேர அட்டவணை போட்டார். முதல் நாள் எட்டு மணிக்கு இடிப்பு. இரண்டாம் நாள் குழாய். இப்படியே போய், 'ஏழாம் நாள், காலை ஆறரை, குளியல்' என்று சிவப்பு மையில் முடிந்தது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு மாமனாருக்குப் போன் செய்தார்.

இங்கே மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷம் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதே ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறார். கல்யாணத்தன்று பந்தலில், நாலு பேர் காதில் விழும்படி, "மாப்பிள்ளை தங்கமானவருதான். ஆனா ஒரு வேலையை எடுத்து முடிக்கிற சாமர்த்தியம் பத்தாது," என்று சொன்னவர். பதினெட்டு வருஷமாக அந்த வார்த்தை டைம்கீப்பர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. செத்துப் போவதற்குள் ஒருமுறையாவது அந்த மனிதர் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"ஏழே நாள் மாமா. முடிச்சுக் காட்டறேன்."

"மேஸ்திரிகிட்ட வேலை வாங்கறது லேசு இல்ல மாப்பிள்ளை," என்று மாமனார் சிரித்தார். "என்கிட்ட எவனும் வாலாட்ட முடியாது. உங்களால ஆகுமா?"

முதல் நாள் மேஸ்திரி சரியாக எட்டு மணிக்கு வந்தார். மத்தியானத்துக்குள் குளியலறையைத் தரைமட்டமாக்கினார். டைம்கீப்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாவம், இடிக்கிற வேலை மட்டும் என்றைக்கும் நேரத்துக்கு நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இடித்துப் போட்டுவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளிடம் ஓட முடியாதே!

இரண்டாம் நாள் மேஸ்திரி வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. போன் செய்தால், "பஸ்ல வந்துட்டே இருக்கேன் சார், அடுத்த ஸ்டாப்புதான்," என்றார்.

"எந்த பஸ்? நம்பர் சொல்லுங்க," என்றார் டைம்கீப்பர்.

"பதினேழு சார்."

"பதினேழாம் நம்பர் பஸ் பணிமனையில பஞ்சராகி நிக்குது மேஸ்திரி! நான்தான் இப்ப எழுதினேன்!"

போன் கட்டாகிவிட்டது.

நாலாம் நாள் வந்து அரை நாள் பூசினார். ஐந்தாம் நாள் ஆளைக் காணோம். ஆறாம் நாள் வந்து மணல் குவியல் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவர் போன் அடித்தது. எடுத்து, "பஸ்ல வந்துட்டே இருக்கேங்க, அடுத்த ஸ்டாப்புதான்," என்றார்.

"யாருக்குய்யா இந்த பஸ்ஸு?" என்றார் டைம்கீப்பர்.

"இன்னொரு சைட் இருக்கு சார். அதுவும் பாத்ரூம்தான். அங்கயும் இடிச்சுப் போட்டாச்சு. இங்க ஒரு நாள் அங்க ஒரு நாள்னு ஓட்டிக்கிட்டிருக்கேன். அந்தப் பார்ட்டி விடமாட்டேங்கறாரு."

டைம்கீப்பருக்கு அந்த முகம் தெரியாத மனிதர் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. அடுத்த கணமே ஆத்திரம் வந்தது. தன் மேஸ்திரியில் பாதியைத் தின்றுகொண்டிருப்பவன் அவன்தானே!

ஏழாம் நாள் காலை ஆறரைக்கு, பக்கத்து வீட்டு வாசலில் அவர் வரிசையில் நிற்கும்போது, மாமனார் கூப்பிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஏழு நாள் ஆச்சே? முடிஞ்சுதா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு வேறு வழியில் போய்விட்டது. "முடிஞ்சாச்சு மாமா! கண்ணாடி மாதிரி இருக்கு!"



"ஓ, முடிஞ்சேபோச்சா?" என்றார் மாமனார். குரல் சுரத்தே இல்லாமல் இருந்தது. டைம்கீப்பரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஆனால் சொன்னதை உண்மையாக்கியாக வேண்டுமே. மறுநாள் மேஸ்திரி வந்ததும் அவரைத் தனியே இழுத்தார்.

"இன்னிலேர்ந்து நீங்க இங்கதான். அந்த சைட்டுக்குப் போகக்கூடாது."

"அவரு விடமாட்டாரு சார். நான் என்னன்னு சொல்றது?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."

"எனக்குப் பொய் வராது சார்," என்றார் மேஸ்திரி, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

"போனைக் குடுங்க இப்படி."

மேஸ்திரியின் போனில் வாடிக்கையாளர் யாருக்கும் பெயர் கிடையாது. 'பாத்ரூம் ஒண்ணு', 'பாத்ரூம் ரெண்டு' என்றுதான் இருந்தது. தான் ரெண்டு என்று தெரிந்ததும் டைம்கீப்பருக்குச் சுருக்கென்றது. அவன் ஒண்ணு, நான் ரெண்டா? இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று பற்களைக் கடித்துக்கொண்டு தன் அலுவலகத் தமிழில் தட்டினார்: 'மேஸ்திரி கடும் விஷக்காய்ச்சலால் படுத்த படுக்கையாக உள்ளார். தேறி எழும்வரை தொந்தரவு செய்ய வேண்டாம். இப்படிக்கு, மேஸ்திரியின் மைத்துனர்.'

பாத்ரூம் ஒண்ணிடமிருந்து உடனே பதில் வந்தது: 'உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.'

மனசு ஒரு மாதிரி ஆகத்தான் செய்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ம், சிமெண்ட்டைக் கலங்க," என்றார்.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவரை மனைவி வாசலிலேயே மடக்கினாள். அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து இருந்தன.

"என்னங்க, அப்பா வர்றாராம். நாளன்னிக்கு சாயங்காலம். கொஞ்ச நாள் தங்கப் போறாராம்."

"தங்கவா? நம்ம வீட்லயா?"

பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் தங்கியதில்லை. வருவார், டீ குடிப்பார், சுவரில் ஏதாவது விரிசலைக் காட்டுவார், போய்விடுவார்.

"உங்களைப் பார்க்கணும் போல இருக்காம். புது பாத்ரூமையும் பார்க்கணுமாம். ஏங்க, முடிஞ்சுடுச்சுன்னா சொன்னீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்கா? எங்கப்பா முதல் முதலா தங்க வர்றாரு. துண்டும் கையுமா பக்கத்து வீட்டு கியூவுல நிக்க வைப்பீங்களா? நான் தலை நிமிர்ந்து நடக்கறதா வேணாமா?"

டைம்கீப்பர் லீவு போட்டார். நாற்காலியைத் தூக்கி வந்து குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி அரை நாளில் தரை டைல்ஸை ஒட்டி முடித்தார். தரை இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டதால் கதவு திறக்கவில்லை. தச்சரை வரவழைத்துக் கதவின் அடியைத் தாராளமாகவே அறுத்தார்கள். திறந்தது. டைம்கீப்பர் பெருமையாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் வடிகால் ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கூடத்துக்குப் போய் சோபாவுக்கு அடியில் தங்கியது.

"என்ன மேஸ்திரி இது?"

"புதுத் தரை சார். தண்ணிக்கு வழி பழகணும்."

"தண்ணிக்குப் பழகணுமா? எனக்கு ரத்தக் கொதிப்பு பழகிடும்யா! பெயர்த்து எடுங்க!"

பெயர்த்தெடுத்து, அடியில் செதுக்கி, வாட்டம் சரியாக வைத்து மறுபடி ஒட்டினார். இப்போது தண்ணீர் ஒழுங்காக ஓட்டைக்குப் போனது. ஆனால் தரை இறங்கியதில், கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்தது.

"அறுத்ததை ஒட்ட முடியாது சார்," என்று சொல்லித் தச்சர் கிளம்பிப் போனார். பிளம்பர் வந்து ஷவரை மாட்டினார். அதைத் திறந்தால் சமையலறைக் குழாயில் தண்ணீர் நின்றது. "ரெண்டும் ஒரே நேரத்துல எதுக்குங்க?" என்றார் பிளம்பர். டைம்கீப்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனாலும் பத்தாம் நாள் காலையில் பாக்கி இருந்தது ஒரே ஒரு வரிசை டைல்ஸ்தான். மாமனார் சாயங்காலம் வருகிறார். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். டைம்கீப்பர் பத்து நாளில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒன்பது மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது.

"அப்பா வந்துட்டாரு!" என்றாள் மனைவி.

டைம்கீப்பர் ஒரே பாய்ச்சலாகக் குளியலறைக்கு ஓடினார். "மேஸ்திரி, உள்ள தாப்பாள் போட்டுக்குங்க! மூச்சு விடாதீங்க! எங்க மாமனாரைப் பேச்சுக் குடுத்து உட்கார வெச்சிடறேன்!"

மாமனார் ஒரு பெட்டியோடும், பெட்டியைவிடப் பெரிய அழுக்குத் துணி மூட்டையோடும் உள்ளே வந்தார். ஆள் என்னவோ கசங்கிப் போயிருந்தார். தலையெல்லாம் தூசி.

"வாங்க மாமா, உட்காருங்க. டீ சாப்பிடுங்க."

"டீ அப்புறம் மாப்பிள்ளை. சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னுதான் காலையிலயே கிளம்பிட்டேன். மொதல்ல குளிக்கணும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளியலறையை நோக்கி நடந்தார். டைம்கீப்பர் பேசிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மூடிய கதவின் முன் நின்றார். கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில், சிமெண்ட் படிந்த இரண்டு பாதங்கள்.

"உள்ள யாரு மாப்பிள்ளை?"

"அது, உங்க பேத்திதான் மாமா. குளிக்கறா."

அதே நேரம் தெருவாசல் வழியாக ஈரத் தலையோடு மகள் வந்தாள். "ஹை, தாத்தா! எப்ப வந்தீங்க?"

மாமனார் பேத்தியைப் பார்த்தார். பாதங்களைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு. சாமர்த்தியம் பத்தாது என்று இன்னொரு பதினெட்டு வருஷம் கேட்க வேண்டியதுதான்.

மாமனார் கதவைத் தட்டினார். நாற்பது வருஷம் மேற்பார்வை பார்த்த கை. தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவைத் திறந்து, கரண்டியும் கையுமாக மேஸ்திரி நின்றார். மாமனாரைப் பார்த்ததும் கரண்டி கை நழுவிப் புதுத் தரையில் விழுந்தது.

மாமனார் அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, மிகவும் அக்கறையாகக் கேட்டார்:

"உடம்பு தேவலையா மேஸ்திரி? விஷக்காய்ச்சல்னு உங்க மைத்துனர் எழுதியிருந்தாரே!"