ராசாத்தி குடியிருக்கும் வீடு

"மூன்று மாதம் காலியாகக் கிடக்கும் வீடு பிரித்து அகற்றப்படும்" என்று மேலாபீஸிலிருந்து உத்தரவு வந்தபோது, தேவசிகாமணி அந்தக் காலி வீட்டுக்குள்தான் சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

மலையூரான மஞ்சக்குட்டையில் அரசாங்கம் பரிசோதனைக்காகக் கட்டிய ஒரே வீடு அது. செலவு குறைவு. உள்ளே இருக்கும் பலகைத் தடுப்புகளைக் குடும்பத்தின் வசதிப்படி நகர்த்திக்கொள்ளலாம். சரிப்பட்டால் மலை முழுக்கக் கட்டுவார்களாம். அதைப் பார்த்துக்கொள்ளச் சேலத்திலிருந்து அனுப்பப்பட்ட குமாஸ்தா தேவசிகாமணி. கல்யாணமாகாத ஆளுக்கு ஊரில் ஒருவரும் வாடகைக்கு இடம் தரவில்லை. யாருக்கும் தெரியாமல் இங்கேயே ஒண்டிக்கொண்டான். இதையும் பிரித்துவிட்டால் மழையில் நிற்க வேண்டியதுதான்.

வீடு கேட்டு வந்த மனுக்களில் கைக்கு அகப்பட்ட ஒன்றை உருவினான். 'மாரமங்கலம் ராசாத்தி குடும்பம் குடியேறிவிட்டது' என்று எழுதி அனுப்பினான்.

அதோடு விட்டார்களா? 'தடுப்பை நகர்த்தினார்களா? ஏன்?' என்று ஒரு படிவம் வந்தது. குழந்தை பிறந்ததால் நகர்த்திவிட்டார்கள் என்று பதில் போட்டான். 'குழந்தைக்குக் குளிர் தாங்குகிறதா?' என்று அடுத்த படிவம்.

'தாங்குகிறது. நன்றாகச் சிரிக்கிறது' என்று எழுதிவிட்டு, அதை இரண்டு முறை படித்துப் பார்த்தான். மூடுபனி இறங்கிவிட்டால் பேச்சுக்கு ஓர் ஆள் கிடையாது. இல்லாத அந்தக் குடும்பத்தின் மேல் அவனுக்கு ஆசையே வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல பதிலைப் படித்தால் சும்மா இருப்பார்களா? அதிகாரியே ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

அன்று காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு பையன்.

"ஏனுங்க, நாங்க வந்து..."

"எதுவானாலும் அப்புறம் பேசிக்கலாம்மா! இன்னிக்கு ஒரு நாள் நீதான் ராசாத்தி. இது உன் வீடு. அதிகாரி கேட்டா அப்படியே சொல்லிடு."

அவள் ஒரு கணம் விழித்தாள். "சரிங்க. அதுக்கென்னங்க?"

ஜீப் வந்து நின்றது.

"பேரென்னம்மா?" என்றார் அதிகாரி.

"ராசாத்திங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசிகாமணிக்குக் குளிரிலும் வேர்த்தது. அதைச் சொல்லிக்கொடுக்க மறந்துபோயிருந்தான்.

"மாதையன்!" என்றான் பையன்.

மனுவில் இருந்த அதே பெயர். கடவுள் இருக்கிறார் என்று தேவசிகாமணி மூச்சு விட்டான்.

"வீடு வசதியா இருக்கா?"

"நொம்ப நல்லா இருக்குதுங்க. சமையக்கட்டுத்தான் சிறுசு. இந்தப் பலகையை அந்தப்பக்கம் தள்ளோணும்."

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். தேவசிகாமணியின் முதுகில் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"பிரமாதமா நடிச்சேம்மா" என்றான் தேவசிகாமணி. அவர்களைப் போகச் சொல்ல அவனுக்கு மனசே வரவில்லை. "நேரமாச்சு... இனி நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவள் குழந்தையை அவனுடைய பாயிலேயே படுக்கவைத்தாள்.

"நடிக்கலீங்க. நாந்தானுங்க ராசாத்தி. இந்த ஊடு எங்களுக்குக் குடுத்தாச்சுன்னு மேலாபீஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு, சாவி வாங்கத்தான் வந்தோமுங்க. ஏனுங்க, உங்க ஊடு எங்கீங்க?"