பச்சோந்திக்குப் பொறுப்பாளி

மார்க்ஸ் டோர்மோய்,
பாரிஸ் 18.
6.3.1988

அன்புக்குரிய மைத்துனர் இராஜேந்திரனுக்கு,

அத்தான் ஸ்ரீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. நானும் உமது அக்கா நாகேஸ்வரியும் மகள் சுகந்தியும் நல்லூரான் புண்ணியத்தில் சுகமே இருக்கிறோம். நீரும் உமது மனைவி பிள்ளைகளும் அந்த ஜெர்மன் குளிரில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க அவனையே கேட்டுக்கொள்கிறோம். உமது கிராமத்தில் கதைக்க ஒரு தமிழ் ஆள் இல்லை, ஆட்களைவிட மாடுகள்தான் கூட என்று எழுதியிருந்தீர். அதை வாசித்து அக்கா இரண்டு நாள் கவலைப்பட்டார்.

நிற்க, உமது மூத்தவன் தொலைக்காட்சியில் பச்சோந்தியைப் பார்த்துவிட்டு அதை வாங்கித் தந்தால்தான் சோறு தின்பேன் என்று நிற்கிறான், நாங்கள் ஒன்று வைத்திருந்ததாகக் கேள்வி, வாங்கலாமோ, வளர்க்கிற விதம் என்ன என்று கேட்டிருந்தீர். வாங்க வேண்டாம். இதோடு கடிதத்தை முடிக்கலாம், ஆனால் ஒட்டின முத்திரைக்கு ஒரு மரியாதை வேண்டும் என்றபடியால் விபரமாக எழுதுகிறேன்.

முதலில், நான் ஆசைப்பட்டு அதைக் கொண்டுவந்தேன் என்று அக்கா உமக்கு எழுதியிருப்பார், அது பொய். நான் கையெழுத்துத்தான் வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாலு வருடத்தில் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று: கந்தோரில் இருப்பவர் தாளில் எந்த இடத்தில் விரலை வைக்கிறாரோ அந்த இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வாசிக்க வெளிக்கிட்டால் பின்னால் நிற்கிற வரிசை உறுமும். வாசித்தாலும் எனக்கு விளங்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். இதை உமக்கு மட்டும் சொல்கிறேன், வீட்டில் நான் கொஞ்சம் நடிப்பு. பள்ளிக்கூடத்தால் தாள் வந்தால் கண்ணாடியைப் போட்டு, தாளைத் தூரப் பிடித்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, இரண்டு இடத்தில் ‘ம்’ என்று சொல்லி, ஒரு இடத்தில் நெற்றியைச் சுருக்கி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைப்பேன். இவருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு என்று அக்கா கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் மறுக்கவில்லை.

அப்படி நெற்றியைச் சுருக்கிக் கையெழுத்து வைத்த ஒரு தாளின் பலனாக, பெப்ரவரி விடுமுறை தொடங்கின சனிக்கிழமை மத்தியானம் சுகந்தியோடு அவளுடைய ரீச்சரும் ஐந்து மாடி ஏறி வந்தார். ரீச்சர் கையில் ஒரு கம்பிவலைக் கூடு, கூட்டுக்குள் ஒரு செடி, செடியில் ஒரு பச்சோந்தி. சுகந்தி கையில் சூடு காட்டுகிற மின்விளக்கு, மூடி போட்ட ஒரு பெட்டி, இரண்டு பக்கத் தாள். வகுப்பில் வளர்க்கிற பிராணியாம், பெயர் லெயோனாம், விடுமுறைக்கு விடுமுறை ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகுமாம், இந்த முறை வகுப்பே கையை உயர்த்தியும் ரீச்சர் சுகந்தியைத்தான் தெரிந்தெடுத்தாராம். சுகந்தி அந்த வகுப்பில் கடைசியாக வந்து சேர்ந்தவள், ஒன்றரை வருடமாகக் கடைசி வாங்கில் இருந்து வாய் திறக்காதவள். அன்றைக்கு அவளுடைய முகத்தைப் பார்த்த எந்தத் தகப்பனாலும் திருப்பிக் கொண்டுபோங்கோ என்று சொல்லியிருக்க முடியாது. ரீச்சர் என் கையைக் குலுக்கி, அந்தத் தாளின் அடியில் என் கையெழுத்துக்கு மேலே இருந்த ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினார். ‘ரெஸ்போன்சாப்ள்.’ பொறுப்பாளி என்று அர்த்தம். பத்தாம் நாள் திங்கட்கிழமை காலை லெயோனை உயிரோடு வகுப்பில் ஒப்படைப்பது என் பொறுப்பு.

ரீச்சர் போனதும் அக்கா அந்த இரண்டு பக்கத் தாளை என்னிடம் நீட்டினார்.

“இஞ்சாருங்கோ, இது என்ன தின்னுமாம்? வாசிச்சுச் சொல்லுங்கோ.”

அக்கா நிற்கிறார், சுகந்தி நிற்கிறாள், எங்களோடு இருக்கிற வாமதேவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் என்ன செய்ய? கண்ணாடியைப் போட்டேன். பிராணி இலையில் இருந்தது, இலை மாதிரியே இருந்தது, ஆகவே ‘சுத்த சைவம், வாழைப்பழம், கீரை, கொஞ்சம் பால்’ என்று வாசித்தேன். ‘அமைதியான சுபாவம்’ என்று ஒரு வரியை நானாகவே சேர்த்தேன். அக்காவுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். வீட்டுக்குள் ஒரு சைவப் பிராணி வந்திருக்கிறது என்று கூட்டைத் தூக்கிச் சாமிப் படங்களுக்குக் கீழேயே வைத்துவிட்டார். பிறகு மற்றப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐம்பது வெட்டுக்கிளிகள் துள்ளிக்கொண்டு இருந்தன. பள்ளிக்கூடப் பெட்டிக்குள் பூச்சி புகுந்துவிட்டது என்று பாவம், கொதிதண்ணீரை ஊற்றி, பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய வைத்தார். லெயோனுடைய பத்து நாள் சாப்பாடு அப்படிக் குப்பைக்குள் போனது.

இனி நீர் அறிய வேண்டியவை. பச்சோந்தி வாழைப்பழத்தைத் திரும்பியும் பாராது. கிண்ணத்தில் வைத்த பாலையும் பாராது, தண்ணீரையும் பாராது. ஒரு கண்ணால் உம்மையும் மற்றக் கண்ணால் உமது மனைவியையும் ஒரே நேரத்தில் பார்க்கும், இரண்டு பேரிலும் அதற்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பது உமக்கே விளங்கும். ஒரு காலைத் தூக்கினால் அதை எங்கே வைப்பது என்று யோசித்து முடிக்க நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடித்துவிடுவோம். இருக்கிற இடத்துக்கு ஏற்ற மாதிரி நிறம் மாறும் என்று நாங்கள் சின்ன வயதில் கேட்டதெல்லாம் சுத்தப் பொய். இதை வாமதேவன் பரீட்சை பார்த்தான். சிவப்புப் போர்வையில் விட்டான், மாறவில்லை. தன்னுடைய நீலச் சட்டையில் விட்டான், மாறவில்லை. கடைசியாகக் கட்டம் போட்ட சாரத்தில் விட்டுக் கட்டம் கட்டமாக மாறும் என்று காவல் இருந்தான். அது கன்னங்கரேலென்று கறுத்து, வாயைப் பிளந்து அவனைப் பார்த்துச் சீறியது. கோபம் வந்தால்தான் கறுக்குமாம். ஊரில் ஓணானுக்குச் சுருக்குப் போட்ட பாவம் இப்போது பாரிசில் வந்து பிடிக்கிறது என்று வாமதேவன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமையாகியும் லெயோன் ஒன்றும் தின்னவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பழைய தேயிலைச் சாயத்தின் நிறத்தில் கிளையோடு ஒட்டிப்போய் இருந்தது. அது தின்னாததால் சுகந்தியும் தின்னவில்லை. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தபோது அவள் அந்தத் தாளோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

“அப்பா, நீங்கள் வாசிச்சது ஒண்டு, இதிலை கிடக்கிறது வேறை.”

வகுப்பில் அதற்குத் தீனி வைப்பது முன் வாங்குப் பிள்ளைகள்தானாம், அப்பா வாசித்தது சரியென்றே மூன்று நாளாக நம்பியிருந்தாளாம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னாள். உயிருள்ள பூச்சி மட்டும்தான் தின்னும். கிண்ணத்தில் குடிக்காது, இலையில் தெளித்தால் சொட்டுகிற துளியைத்தான் நக்கும். கையில் எடுத்து விளையாடக் கூடாது. எனக்கு வெங்காயத்தால் மட்டும் கண் கலங்கவில்லை, மச்சான். பிள்ளைக்கு முன்னால் அப்படி ஒரு வெட்கம் எனக்கு முன்பு வந்ததில்லை. அவள் வெளியே போய்த் தாயிடம், “அம்மா, அப்பாவின்ரை கண்ணாடி பழசாப் போச்சு, எழுத்து மாறித் தெரியுதாம்” என்றாள். உடனே இலையில் தண்ணீர் தெளித்தோம், லெயோன் நாக்கை நீட்டி நீட்டிப் பத்து நிமிடம் குடித்தது. ஆனால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? ரீச்சரைக் கேட்கலாமென்றால் பள்ளிக்கூடம் பூட்டு. சனிக்கிழமை இருந்ததையெல்லாம்தான் அவித்துவிட்டோமே.

இலையான் பிடிப்போம் என்று வெளிக்கிட்டோம். ஊரில் சோற்றுக் கோப்பையில் இருந்து கலைத்துக் கலைத்துக் கை உளைந்த அதே இலையானை, பெப்ரவரி மாதத்தில் பாரிஸ் முழுக்கத் தேடினாலும் ஒன்று அகப்படாது என்பதை நீர் அறிந்திருக்க நியாயமில்லை. புதன்கிழமை மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்தது. நானும் வாமதேவனும் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கமாக, வெயில் படுகிற குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தலோடு குந்திக்கொண்டு இருந்தோம். இரண்டு பொலிஸ்காரர் வந்து நின்றார்கள். பேப்பர் எங்கே என்று கேட்டார்கள். நான் தாள்கள் வைத்திருக்கிற என் பிளாஸ்டிக் பையை அப்படியே முழுதாக நீட்டிவிட்டேன். எல்லாத்துக்கும் மேலே கிடந்தது பள்ளிக்கூடத் தாள். மூத்த பொலிஸ்காரர் அதை நின்று முழுக்க வாசித்தார். மற்றவரைக் கூப்பிட்டு அவருக்கும் வாசித்துக் காட்டினார். பிறகு போத்தலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தின்கிறதா என்று கேட்டார். “நோ(ன்)” என்றேன். பெப்ரவரியில் இலையான் வராது மொசியு, சமையலறைகளில் பாரும் என்று சைகையோடு விளங்கப்படுத்தி, பையைத் திருப்பித் தந்து, தொப்பியில் கை வைத்து, “போன் கூராஜ், மொசியு ல ரெஸ்போன்சாப்ள்” என்றார். மனம் தளராதேயும், பொறுப்பாளி ஐயா என்று அர்த்தம். இந்த நாட்டில் ஒருவர் என்னைப் பார்த்துத் தொப்பியில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

சமையலறை என்றதும் எனக்கு நான் வேலை செய்கிற ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடைதான் நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் முதலாளி பாலச்சந்திரன் அண்ணையிடம் போய், “அண்ணை, எங்கடை குசினியிலை கரப்பொத்தான் இருக்குமோ?” என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மேசை நிறைய ஆட்கள். அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்தால் லெயோனே தோற்றுப்போகும்.

“என்ன கதை கதைக்கிறாய்? என்ரை கடையிலை கரப்பொத்தானோ? நாலு பேருக்கு முன்னாலை கேக்கிற கேள்வியோ இது? தேடிப் பார், ஒண்டு காட்டு, நான் கடையைப் பூட்டுறன்.”

அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. வேலையும் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணை நிற்கிறார். மேலங்கிக்குள் இருந்து ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்தார். மூடியில் ஆணியால் குத்தின துளைகள், உள்ளே ஏழு கரப்பொத்தான், ஒவ்வொன்றும் கொழுத்துப்போய்.

“இது என்ரை கடையிலை பிடிச்சதில்லை” என்றார். “பிள்ளை சாப்பிடாமல் கிடக்கெண்டு வாமதேவன் சொன்னவன். கெதியாக் குடு.”

இந்த இடத்தில்தான் அக்கா குறுக்கே வந்து நின்றார். வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, முட்டைகூட இல்லை, அதுவும் சாமிப் படத்துக்குக் கீழே வைத்து உயிரோடு ஒன்றைத் தின்னக் கொடுப்பதா? நாளைக்குக் கொடுப்போம் என்றார். லெயோன் அப்போது கண்ணையே திறக்கவில்லை. சுகந்தி அழவில்லை, சத்தம் போடவில்லை, பள்ளிக்கூடப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, “திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் போக மாட்டன்” என்று மட்டும் சொன்னாள். ஒன்றரை வருடம் வாய் திறக்காத பிள்ளை இனி ஒருபோதும் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். நோய் வந்த பிராணிக்கு விரதம் இல்லை என்று தாளில் எங்காவது இருப்பதாக வாசிக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். “கண்ணாடியைக் கழட்டுங்கோ அப்பா. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு எனக்கு வந்த நாள் துவக்கம் தெரியும்” என்றார். பிறகு தன்னுடைய நல்ல சீலை ஒன்றை எடுத்து வந்து, சாமிப் படங்களை ஒரு மூலையில் இருந்து மற்ற மூலை வரைக்கும் மூடி, விளிம்பைச் சரி பார்த்து, “இனிக் குடுங்கோ, முருகன் பாக்கேல்லை” என்றார்.

சுகந்தி ஒரு கரப்பொத்தானைக் கிளையில் விட்டாள். நாங்கள் ஐந்து பேரும் கூட்டைச் சுற்றிக் குந்தினோம். லெயோன் முதலில் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மற்றது. இரண்டு கண்ணும் ஒரே திசையில் திரும்பினதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நாக்கு போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, கிளையில் கரப்பொத்தான் இல்லை. பாலச்சந்திரன் அண்ணை கையைத் தட்டினார். ஏழாவதைத் தின்று முடிக்க லெயோன் பச்சையாகி, பச்சைக்குள் மஞ்சள் கோடு வந்து, நீலப் புள்ளியும் வந்தது. வாமதேவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா எல்லோருக்கும் கேசரி கிண்டினார். சந்தோஷத்தில் யாரும் சீலையை எடுக்க மறந்து, முருகன் சனிக்கிழமை விடியும் வரைக்கும் மூடினபடியே இருந்தார்.

திங்கட்கிழமை கூட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சுகந்தி எல்லாருக்கும் முன்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல் பிரெஞ்சில் கதைத்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ரீச்சர் கண்ணைத் துடைத்தார். எனக்கு விளங்கினது ‘பாப்பா’ என்ற ஒரு சொல்தான், அது பதினைந்து தரம் வந்தது. என்ன சொன்னாய் என்று பின்னேரம் கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள்.

ஆகவே மச்சான், எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். பச்சோந்தி வேண்டாம். பெடியனுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடும். எங்கள் வீட்டுப் படியில் இனி அப்படி ஒரு பிராணி கால் வைக்காது என்று நானும் அக்காவும் ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறோம். உமது பிள்ளைகள் நன்றாகப் படித்து, உமக்கு விசா கெதியாகக் கிடைத்து, எல்லோரும் நீண்ட ஆயுளோடு ஒரு இடத்தில் கூடி இருந்து சாப்பிடுகிற நாள் வர எங்கள் ஆசீர்வாதம். அக்கா தனியாக எழுதுவார்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
க. ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்து நாலு நாளாகிவிட்டது. திரும்பவும் உடைத்து இதை எழுதுகிறேன். ரீச்சர் இன்னொரு தாள் அனுப்பியிருக்கிறார். கோடை விடுமுறை இரண்டு மாதமும் லெயோனை யார் வைத்திருப்பது என்று இப்போதே கேட்டு எழுதியிருக்கிறார். உமது கிராமத்து மாட்டுப்பட்டிகளில் ஜூலையில் இலையான் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன், யாராவது இந்தப் பக்கம் வெளிக்கிட்டால் ஒரு பெரிய போத்தல் நிறையப் பிடித்து, மூடியில் துளை போட்டுக் கையில் கொடுத்துவிடும். தாள் ஒரு பக்கம்தான். சுகந்தி பக்கத்தில் இருக்க, கண்ணாடி இல்லாமல், சொல் சொல்லாக வாசித்து முடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.