ஏழு இருக்கை, ஒரு முழங்கால்

வாகனப் பராமரிப்பின் வரலாறு என்றேனும் எழுதப்படுமானால், அதன் முதல் அத்தியாயத்தை என் தங்கையின் கணவருக்கு ஒதுக்க வேண்டும். இரண்டாவதையும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் மாப்பிள்ளை ஏழு பேர் அமரும் எஸ்.யூ.வி. ஒன்றைக் 'குடும்பத்துக்காக' வாங்கினார். அன்று முதல் குடும்பத்திடமிருந்து அதைக் காப்பாற்றி வருகிறார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை இன்றும் பிரிக்கப்படவில்லை. ஞாயிறுதோறும் அவர் மட்டும் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்புவார், பேட்டரியின் நலன் கருதி. தூறல் விழுந்தால் அந்தப் பயணமும் ரத்து.

சென்ற மாதம் தங்கைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. கைத்தடியோடு இரண்டு பஸ் மாறிப் போனாள். மூன்றாவது வாரம் அவளுக்குப் பொறுமை போயிற்று.

"ஒண்ணு என்னை இதுல கூட்டிட்டுப் போங்க. இல்ல, இதை வித்துட்டு நான் ஏறுற மாதிரி ஒரு ஓட்டை வண்டி வாங்குங்க."

மாப்பிள்ளை இரவு பகலாக யோசித்தார். பிறகு, தியாகங்களில் தலையாய தியாகத்தைச் செய்தார்.

"வித்துடலாம்."

இடைத்தரகர் வேண்டாம் என்றார். வாங்குபவரின் குணநலனை நேரில் ஆராய வேண்டுமாம். வராந்தாவில் மேசை போட்டு 'நேர்காணல்' நடந்தது. நான் குழுவின் உறுப்பினர். முதலில் வந்தவர் பானெட்டில் கை ஊன்றினார், நிராகரிக்கப்பட்டார். இரண்டாமவர் உள்ளே தலையை விட்டுத் தும்மினார், பெயர்கூடக் கேட்கப்படவில்லை.

மூன்றாவதாக ஒரு மின்வாரியப் பொறியாளர், மனைவி மகளோடு வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"பொண்ணு பிஸ்கட் சாப்பிடுமா?" என்றார் மாப்பிள்ளை.

"சாப்பிடுவா சார்."

"க்ரீம் வச்சதா, சாதாவா?"

"ரெண்டும்தான்."

மாப்பிள்ளை வருத்தத்துடன் குறித்துக்கொண்டார். இருந்தாலும் நாகரிகம் கருதிப் 'பராமரிப்புக் குறிப்பேட்டை' அவர்கள் முன் வைத்தார். பொறியாளரின் மனைவி ஒரு பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'பன்னிரண்டாம் தேதி. மகனுக்குக் காய்ச்சல். வாந்தி எடுக்கும் வாய்ப்பு உண்டு. ஆட்டோ அமர்த்தப்பட்டது. வண்டி நலம்.'"

நிமிர்ந்து, "பையன்?" என்றார்.

"அவனும் நலந்தான். அதைத் தனியா எழுதல."

ஓட்டிப் பார்க்காமல் வாங்க முடியாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அவர்கள் மூவரோடு எங்கள் பக்கத்திலிருந்தும் யாராவது வண்டியில் போக வேண்டும். மாப்பிள்ளை தம்மைத் தாமே விலக்கிக்கொண்டார். தம் எடையும் ஏறினால் சஸ்பென்ஷன் வருந்துமாம். என்னை மேலும் கீழும் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். எடை குறைந்தவள் என்ற தகுதியில் வாய்ப்பு என் தங்கைக்குப் போயிற்று.

வண்டி திரும்பவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது.

"வேகத்தடையில இடிச்சிருப்பானோ மச்சான்?"

என் போன் அடித்தது. தங்கைதான். "அண்ணா, பிசியோதெரபிக்கு வந்து சேர்ந்துட்டேன். அந்தம்மா இந்த ஆஸ்பத்திரியிலதான் நர்ஸாம். பேச்சுவாக்குல சொன்னேன், நேரா இங்கயே விட்டுட்டாங்க. பன்னிரண்டே நிமிஷம்ணா!"

மாப்பிள்ளை போனைப் பிடுங்கினார். "கதவை எப்படித் திறந்தே? மெதுவாத்தானே?"

"எனக்கு எங்கங்க திறக்கத் தெரியும்? நான் எப்போ அதுல ஏறியிருக்கேன்? அவங்க பொண்ணு திறந்து விட்டுச்சு."

"அப்பாடா," என்றார் மாப்பிள்ளை. "கைப்பிடியில உன் கை படல."

தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அந்தம்மா வேலைக்குப் போறப்ப, வாரம் மூணு நாளும் என்னையும் இதுலயே ஏத்திக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கே குடுத்துடுங்க."

அன்று மாலையே சாவி கை மாறியது. சொந்த வண்டியில் ஏறி உட்கார என் தங்கைக்கு, அதை விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.